இறங்குபாறையில் இறங்காதவர்கள்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் பாதையில் ஒரு பாறை இருக்கிறது. யானை படுத்திருப்பது போல இருக்கும் என்று எழுத ஆசைதான். ஆனால் அது எதைப் போலவும் இருக்காது, வெறும் பாறை. அதற்கு இறங்குபாறை என்று பெயர். சாமி இறங்கிய பாறை, ராஜா இறங்கிய பாறை என்றெல்லாம் கதை தேட வேண்டாம். அந்த இடம் வந்ததும் லாரியிலிருந்து எல்லோரும் இறங்கிவிடுவார்கள், அதனால் வந்த பெயர். அதற்குக் கீழே பாதை சட்டென்று சரிந்து திரும்பும். வலது பக்கம் மலை, இடது பக்கம் ஒன்றுமே இருக்காது.

அந்த லாரி எங்கள் அப்பாவுடையது. எழுபதுகளின் கடைசி அது. பஸ் எங்கள் ஊர்வரை வராத காலம். சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அப்பாவின் லாரி ஒன்றுதான் கதி. புளியும் சாமையும் அதில்தான் கீழே போகும். உப்பும் மண்ணெண்ணெயும் அதில்தான் மேலே வரும். மூட்டைகளின் மேல் ஜனங்கள் உட்கார்ந்து வருவார்கள். கோழி, பலாப்பழம், பச்சைப்பிள்ளை எல்லாம் உண்டு. பாறை கண்ணில் பட்டதும் மேலே இருந்து யாராவது கேபின் கூரையைப் படபடவென்று தட்டுவார்கள். அப்பா நிறுத்துவார். எல்லோரும் இறங்கி, ஒற்றையடிப்பாதையில் குறுக்கே நடந்து, வளைவுக்குக் கீழே போய்க் காத்திருப்பார்கள். அப்பா மட்டும் வண்டியை மெல்ல இறக்குவார். பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிளீனர் அண்ணன் பெரிய மரக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வண்டி மிஞ்சினால் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட வேண்டும்.

காரணம் முன் பிரேக். அந்தப் பழைய மாடல் லாரிக்கு முன்சக்கரத்தில் பிரேக் என்று ஒன்று இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. லோடு இல்லாமல் சமதரையில் போனால் பிடிக்கும். மலை இறக்கத்தில் சூடேறிவிட்டால் அவ்வளவுதான், மிதி தரையைத் தொட்டுவிடும். அப்பா பெடலை மிதித்து மிதித்துக் காற்றடிப்பது போல அடிப்பார். கடைசி மிதியில் சீட்டைவிட்டு எழுந்து அதன்மேல் நின்றேவிடுவார். வண்டி கீழே வந்து சேரும்போது முன்சக்கரத்திலிருந்து புகை வரும். எனக்கு அதெல்லாம் சாதாரணம். உலகத்தில் எல்லா லாரியும் இப்படித்தான், எல்லா அப்பாவும் நின்றுகொண்டுதான் பிரேக் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

பாறையில் முதலில் இறங்குவது எங்கள் அம்மாதான். அப்பாவின் வண்டியில் அந்த வளைவை அவள் ஒருநாளும் உட்கார்ந்து கடந்ததில்லை. வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, தம்பியை இடுப்பில் ஏற்றி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. வண்டி ஏறினால் எனக்குக் குமட்டும். அம்மா என் கையில் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொல்லித்தான் ஏற்றுவாள். அதற்கும் அடங்காமல் பல நாள் அப்பாவின் கேபினை நாறடித்திருக்கிறேன். தம்பி சமர்த்து. நடக்கக்கூடப் பழகாத பிள்ளை, வண்டி கிளம்பினால் தூங்கிவிடுவான்.

நான் ஐந்தாவது படித்தபோது திருப்பத்தூரிலிருந்து ஒரு புது மாடல் லாரி எங்கள் மலைக்கு வந்தது. அதே கம்பெனி வண்டிதான். ஆனால் அதன் டிரைவர் இறங்குபாறையில் நிறுத்தவே இல்லையாம். மேலே உட்கார்ந்திருந்த ஆட்களோடு வண்டியை அப்படியே வளைவில் இறக்கிவிட்டானாம். ஊர் முழுக்க அதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தாலே பையன்கள், “உங்கப்பன் வண்டிக்கு கட்டதானே பிரேக்கு!” என்று கத்துவார்கள். இரண்டு பேரைக் கடித்தே வைத்தேன். அதனால் பிரேக் சரியாகிவிடவில்லை.

ஒருநாள் ஊர்க்கவுண்டர் வீட்டுக்கே வந்தார். எங்கள் ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான். நல்ல மனிதர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. “புளி உலுக்கி முடிச்சா இந்த வாட்டி மூட்டைய அந்தப் புது வண்டிக்கே போட்டுடலாம்னு கீறோம்ப்பா. பொம்பளைங்க, புள்ளைங்க ஏறி எறங்கி நடக்க முடியல. நீ தப்பா நெனைக்காத” என்றார். அப்பா தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அன்று தட்டில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். புளி லோடு கைவிட்டுப் போனால் லாரியை விற்க வேண்டியதுதான். சொந்த வண்டிக்காரர் கீழ்நாட்டில் யாருடைய வண்டிக்கோ டிரைவராகப் போக வேண்டும்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. திருப்பத்தூரில் லாரி ஷெட் ஒன்றில் மெக்கானிக். வாய் ஊர் அளவுக்கு நீளம், கை அதைவிடத் துறுதுறுப்பு. சும்மா இருக்கிற எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அம்மாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சிறுவயதில் மாமா கட்டிய ஊஞ்சல் அறுந்து விழுந்ததில் வந்த வினை. யாராவது மாமாவின் கைவேலையைப் புகழ்ந்தால் அம்மா வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டுவாள், பேசமாட்டாள்.

மாமாவின் யோசனை எளிமையானது. கம்பெனி புது மாடலில் முன் பிரேக்கை மட்டும்தான் மாற்றியிருக்கிறது. அச்சு பழைய அச்சேதான். அதனால் புது மாடலின் பெரிய டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் அகலமான ஷூ எல்லாம் பழைய வண்டியிலும் பொருந்தும். “கம்பெனிக்காரன் அவன் தப்ப தெரிஞ்சிகினு புது வண்டியில திருத்திட்டான் மாமா. நம்ம வண்டிய தேடி மலையேறி வந்து திருத்துவானா? நாமதான் திருத்திக்கணும்” என்றார் அப்பாவிடம். பட்டறையில் அடித்த சாமான் என்றால் வேண்டாம் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். பட்டறைச் சாமான் இல்லை, கம்பெனிச் சாமான். வாணியம்பாடி ரோட்டில் மரத்தடியில் நின்றிருந்த ஒரு புது மாடல் லாரியின் மேல் மழைக்காற்றில் மரம் சாய்ந்து, பின்பக்கம் முழுக்க நசுங்கிப்போயிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. சொந்தக்காரன் பிரித்து விற்றுக்கொண்டிருந்தான்.

அந்த வேலை நடந்தபோது பள்ளி விடுமுறை. நாங்களும் மாமா வீட்டில்தான் இருந்தோம். ஷெட்டில் பழைய ஷூவையும் புது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பழையது என் மூன்று விரல் அகலம், புதியது அப்பாவின் கை அகலம். இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் மலை இறங்கினோம் என்று அப்பாவே பழையதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஷூவைத் தாங்கும் புதுத் தட்டின் துளைகள் பழைய அச்சின் துளைகளோடு அப்படியே ஒத்துப்போனபோது மாமா போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஓடிவந்தார். ஆனால் எல்லாம் மாட்டி முடித்து மிதித்தால் பெடல் பழையபடி தரைக்கே போனது. பெரிய பிரேக்குக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற எண்ணெய் போதவில்லை. மாமா ஓடிப்போய் அந்த நசுங்கிய வண்டியிலிருந்தே அதையும் கழற்றிக்கொண்டு வந்தார். பிறகு மிதித்தபோது பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது.

முதல் ஓட்டம் சமதரையில். அப்பாவுக்குப் பழைய கால். பிரேக் என்றாலே நின்றுகொண்டு மிதித்த கால். பழக்கத்தில் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், வண்டி ஆணி அடித்தது போல நின்றது. அப்பாவின் நெற்றி ஸ்டியரிங்கில் போய் இடித்தது. கிளீனர் அண்ணன் சீட்டுக்குக் கீழே கிடந்தார். பின்னால் நின்றுவந்த மாமா முழங்கை சிராய்த்து ரத்தம் வழிய, “புடிச்சிகிச்சு! மாமா, புடிச்சிகிச்சு!” என்று குதித்தார். அம்மா அந்த முழங்கையைப் பார்த்தாள், அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். இறங்குபாறைக்குக் கீழே இப்படி ஒரு மிதி விழுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு அப்பா காலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். டயர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் தரையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். சாப்பிடும்போதும் அதே வேலை. “சோத்துக்குமா பிரேக்கு?” என்று அம்மா கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அம்மா சிரித்தாளா என்று நினைவில்லை.

இதற்குள் மாமா ஒரு காரியம் செய்துவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து தன் பெருமையை அளந்தபோது, மரம் விழுந்த வண்டியின் சாமான் என்பதோடு நிறுத்தாமல், விழுந்தது பெரிய புளியமரம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. புளியை வைத்துப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. பழைய புளியமரம் என்றால் அதில் முனி இருக்கும் என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். முனி குடியிருந்த மரம் சும்மா சாயுமா? அந்த வண்டி என்னவோ தப்பு செய்திருக்கிறது, முனி அடித்துவிட்டது, அடிபட்ட வண்டியின் சாமானைக் கழற்றி இவர் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! பழைய பிரேக்காவது பிடிக்காத பிரேக். இது முனி பிடித்த பிரேக். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாமாவின் வாய்க்கும் யாராவது பிரேக் மாட்டினால் தேவலை என்றார்.

ஆனாலும் ஊர்க்கவுண்டர் நியாயஸ்தர். ஒரே ஒரு லோடு போட்டுப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு நாங்களும் வண்டியில் இருந்தோம். மாமாவின் பெண்ணுக்குக் காதுகுத்து, திருப்பத்தூர் போக வேண்டும். கேபினில் அப்பா, நான், மடியில் தம்பியோடு அம்மா. ஜன்னல் ஓரம் நான், கையில் எலுமிச்சம்பழம். மேலே புளி மூட்டைகளின் மேல் ஊர்க்கவுண்டரும் அவர் மனைவியும் இன்னும் பலரும். கவுண்டரம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பியைக் கண்டால் விடமாட்டாள். கிளம்பும்போதுகூட அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் ஏறினாள்.

பாறை வந்தது. கூரையில் படபடவென்று தட்டினார்கள். அப்பா வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, யாரும் இறங்க வேண்டாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் தரையில் நின்றார்கள். மீதிப்பேர் கோழிகளைக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அம்மாவும் பழைய பழக்கத்தில் என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து, தம்பியோடு இறங்கி, என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களின் அப்பா அம்மாவெல்லாம் அங்கே நிற்கிறார்கள், இறங்குவேனா? கதவுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “நான் எறங்கமாட்டேன்! எங்கப்பா பிரேக்கு புடிக்கும்!” என்று மலையே கேட்கக் கத்தினேன்.

சிலர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நின்று, “அந்த சாமான்ல கெட்டது ஒண்ணும் இல்லன்னு புள்ள தலைமேல கைய வச்சி சொல்லுப்பா. எல்லாரும் ஏறிக்கிறோம்” என்றார். எங்கள் ஊரில் அதற்குமேல் சத்தியம் கிடையாது. வேடியப்பன் கோயில் கற்பூரத்தை அணைப்பதைவிடப் பெரியது அது. அப்பா என் தலையைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை.

“புள்ள தலைமேல எல்லாம் சத்தியம் பண்ணமாட்டேன் கவுண்டரே. பிரேக்கு புடிக்கும். அவ்ளோதான் எனக்கு தெரியும்.”

சத்தியம் செய்ய மறுத்தவன் மனதில் ஏதோ இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? எல்லோரும் மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் கை இன்னும் என்னை நோக்கி நீண்டிருந்தது. அம்மா நினைத்திருந்தால் என்னை ஒரே இழுப்பில் இறக்கியிருப்பாள். அவள் பிடி எனக்குத் தெரியும். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் கையை மடக்கிக்கொண்டாள்.

முந்தானையால் தம்பியின் மூக்கைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனைக் கவுண்டரம்மாவிடம் நீட்டி, “இவன் வாந்தி எடுப்பான்க்கா. கொஞ்சம் வச்சிக்கிங்க, கீழ வந்து வாங்கிக்கிறேன்” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினாள்.

“தள்ளு” என்றாள் என்னிடம். அவ்வளவுதான். என்னை நடுவே தள்ளிவிட்டு, என் ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம்! இத்தனை பேர் பார்க்க இறங்கமாட்டேன் என்று நின்றது நான், ஜன்னல் சீட்டு இவளுக்கா? வெளியே ஒருவர் கண்ணிலும் நான் படமாட்டேனே!

அப்பா கிளீனர் அண்ணனிடம் கட்டையைத் தூக்கி மேலே போடச் சொன்னார். அவர் போட்டுவிட்டார். தான் மட்டும் ஏறாமல் பின்னாலேயே நடந்துவந்தார்.

வண்டி சரிவில் இறங்கியது. இரண்டாவது கியர். அப்பாவின் வெறுங்கால் பெடல் மேல் இருந்தது. எழுந்து நிற்கவில்லை, காற்றடிக்கவில்லை. தூளியில் தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் ஆட்டுவது போல லேசாக அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். அத்தனை மூட்டைப் புளியும் முதுகில் தள்ள, வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவின் நடுவில், சரிவு மிக மோசமாக இருக்கும் இடத்தில், அப்பா ஒரு வேலை செய்தார். வண்டியை நிறுத்தினார். யாரும் ஒருநாளும் நிறுத்தாத இடம். அங்கே எங்கள் லாரி நின்றது. அப்பா ஹாரனை நீளமாக அடித்தார். மேலே பாறையில் தலைகளாக எட்டிப் பார்த்தார்கள்.

“வெத்தல இருந்தா மடிச்சிக் குடு” என்றார் அப்பா, அம்மாவிடம், ஏதோ சந்தைக்கடையில் உட்கார்ந்திருப்பவர் போல.

அம்மா இடுப்புச் சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அப்பா வாங்கி வாயில் போட்டு மென்றுகொண்டே, காலை மெல்லத் தூக்கி, வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். கீழே நிறுத்தியதும் குதித்து இறங்கி, துப்பினார். “இன்னாடி இது, பூரா சுண்ணாம்பு! வாய் வெந்துபோச்சு!” என்றார்.

“பிரேக்கு புடிச்சுதில்ல? வாய் வெந்தா இன்னா?” என்றாள் அம்மா. அவள் இன்னும் இறங்கவில்லை. என் பாவாடையின் ஓரம் அவள் கையில் கசங்கிக் கிடந்தது.

ஜனங்கள் ஒற்றையடிப்பாதையில் ஓடிவந்தார்கள். ஊர்க்கவுண்டர் நேராக முன்சக்கரத்திடம் போனார், குனிந்தார், முகர்ந்தார், கையை வைத்துப் பார்த்தார். “சூடு கீது. ஆனா பொகையக் காணோம்” என்றார். முனி என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். “முனியையும் சேத்து புடிச்சிடுச்சு போல” என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். அந்த மலை அன்று சிரித்த மாதிரி நான் கேட்டதில்லை. கவுண்டரம்மா மட்டும் கடைசியாக, பார்த்துப் பார்த்து அடிவைத்து வந்தாள். தோளில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனை வாங்கி மார்போடு சேர்த்து அமுக்கிய அமுக்கில் அவன் விழித்து வீறிட்டான்.

அந்தப் பருவத்துப் புளி முழுக்க எங்கள் வண்டியில்தான் இறங்கியது. புது மாடல்காரன் கொஞ்சநாள் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டான். பாறையில் அப்புறம் யாரும் இறங்கவில்லை. ஊர்க்கவுண்டர் மட்டும் சில நாள் இறங்குவார்; ஒன்றுக்குப் போகத்தான் என்று சொல்லிக்கொள்வார். அக்கம்பக்கத்து மலைகளிலிருந்து பழைய மாடல் லாரிக்காரர்கள் மாமாவின் ஷெட்டைத் தேடி வந்தார்கள். மாமா கதை சொன்னார், அப்பா கதை சொன்னார். நான் சொன்னதுதான் அதிகம். பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில், புகுந்த வீட்டில், எங்கே இடம் கிடைத்தாலும் சொன்னேன். ஊரே இறங்கியபோது இறங்காமல் உட்கார்ந்து அப்பாவின் மானத்தைக் காப்பாற்றியவள் நான். இந்தக் கதையில் அம்மா எப்போதும் என் ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டவளாகத்தான் வருவாள். அவளும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

தம்பி இப்போது அதே பாதையில் பஸ் ஓட்டுகிறான். அம்மா இறந்த வருடத்துக் கோடையில் அவன் பஸ்ஸில் நானும் என் பெண்ணும் மலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. பாறை வந்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்து, என் பெண்ணுக்கு முழுக்கச் சொல்லி முடித்தேன். தம்பி பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எல்லாம் சரிதான்க்கா. உன்ன ஏத்திகினு போனாங்க, என்ன மட்டும் ஏன் எறக்கி வுட்டாங்க?” என்று கேட்டான்.

“நீ வாந்தி எடுப்பேன்னுதான்டா” என்றேன். வாயில் தயாராக இருந்த பதில். சொல்லிவிட்டு, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன்.

வாந்தி எடுக்கிறவள் நான். தம்பி ஒருநாளும் எடுத்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். அம்மா பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள், பிள்ளையில்லாத கவுண்டரம்மாவிடம். மாமா கட்டிய ஊஞ்சலில் பல்லை உடைத்துக்கொண்டவள், அப்பாவின் நெற்றி வீக்கத்தைப் பார்த்தவள். அவளுக்கு அந்த பிரேக் மேல் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலேயே ஏறியிருக்கிறாள். பஸ் இடது பக்கம் ஒன்றுமே இல்லாத அந்த வளைவில் திரும்பியது. இத்தனை வருடம் தவறான ஆளைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தில், எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில், அவள் உட்கார்ந்திருந்தாள். நானோ ஜன்னல் சீட்டுப் போயிற்றே என்று திருப்பத்தூர் வரைக்கும் அவளோடு பேசவே இல்லை.